அடுத்த பீட்டா செவ்வாய்க்கிழமை வரும்

தேதி சொல்வதுதான் என் பிழைப்பு. ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருடமாக லெதர் ஃபாலோ-அப் பார்க்கிறேன். தோல் பதனிடுகிற எந்த டேனரியிலிருந்து எந்தத் தோல் என்றைக்கு வந்து சேரும் என்று விசாரித்து, இங்கே கட்டிங் செக்ஷனுக்கும், அங்கே வெளிநாட்டில் ஷூ வாங்குகிற பையருக்கும் சொல்ல வேண்டும். டேனரிக்காரர் "நாளைக்கு" என்றால் மூன்று நாள். "வண்டி கிளம்பிடுச்சு" என்றால் இப்போதுதான் தோலை அடுக்கிக் கட்டுகிறார்கள். "ஸ்ப்ரே போய்ட்டிருக்கு" என்றால் தோல் இன்னும் ஊறுகிற டிரம்மை விட்டே இறங்கவில்லை. மழை பெய்தால் இரண்டு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரம், யாருக்கும் போன் போடக்கூடாது.

இந்த வேலையில் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடாது. "தெரியாது" என்று சொல்லக்கூடாது. பையர் கேட்டால் ஏதாவது ஒரு தேதி கொடுத்துவிட வேண்டும். தேதி தப்பினால் அடுத்த தேதி கொடுக்கலாம், மன்னிப்பு கேட்டு இரண்டு வரி எழுதலாம். தெரியாது என்றால் ஆர்டரே வேறு ஊருக்குப் போய்விடும். என்னை வேலைக்குச் சேர்த்த மேனேஜர் முதல் நாளே சொன்ன பாடம் இது. எனக்கு அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குக்கர் எத்தனை விசில் என்று கேட்டாலும் யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவேன்.

என் கணவர் வேறொரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கட்டிங் மெஷினில் நின்றவர். தோலை விரித்து, அச்சை வைத்து, மெஷினை இறக்குவார். நாள் முழுக்க டம், டம் என்று அதே சத்தம். காதில் அடைக்க பஞ்சு கொடுத்தார்கள். சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஐம்பது வயதுக்கு முன்பே இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. இரண்டு வருடத்துக்கு முன் காது மெஷின் வாங்கினோம். அது போனோடு சேர்ந்துகொள்ளும். யாராவது பேசினால் குரல் நேராகக் காதுக்குள்ளேயே போய் விழும். எல்லாப் போனோடும் சேராது, ஒரு வகைப் போனோடுதான் சேரும் என்றார்கள். அதனால் வீட்டிலேயே விலை ஜாஸ்தியான சாமான் அவருடைய போன்தான். என்னுடையது சாதாரணம்.

அந்தப் போன் வந்த பிறகுதான் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பேச்சு திரும்ப வந்தது. அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். ரயில்வேயில் இருந்து நாக்பூரிலேயே வீடு கட்டி உட்கார்ந்துவிட்டவர். பதினோரு வருடம் இருவரும் பேசவில்லை. காரணம் மாமியாரின் அடக்கம். மாமா வந்த ரயில் எங்கோ நின்றுவிட்டது. இவர் சாயந்திரம் வரை காத்திருந்துவிட்டு, "இதுக்கு மேல வெச்சிருக்க முடியாது" என்று அடக்கத்தை முடித்துவிட்டார். மாமா மறுநாள் காலையில் காட்பாடியில் இறங்கி நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். ஈரமண்ணைப் பார்த்தார். வீட்டுப் பக்கமே வராமல் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார்.

போன வருடம் மாமாவே கூப்பிட்டார். தொண்டையில் கட்டி, நல்ல கட்டி இல்லை என்றார். இந்தியாவில் பாதிப் பேர் வைத்தியத்துக்கு வேலூருக்கு வருகிறார்கள், எங்கள் விரிஞ்சிபுரம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரம், இங்கே வாங்க என்று நானும் கெஞ்சினேன். வரமாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் அங்கே வருகிறோம் என்றாலும் வேண்டாம். "இந்த மூஞ்சிய பாக்க வேணாம்மா, பேசினா போதும்" என்றார். இவருக்கும் அதுதான் வசதியாக இருந்தது. நேரில் போனால் அந்தப் பழைய கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பயம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு அண்ணன் போன். விலைவாசி, கால்வலி, ரயில்வேயில் யார் யார் ரிட்டயர் ஆனார்கள் என்று போகும். அடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இனி பீட்டாவுக்கு வருகிறேன். போன் கம்பெனிக்காரர்கள் புது மென்பொருளை முழுதாக முடிக்கும் முன்பே, விருப்பப்பட்டவர்களுக்குக் கொடுப்பார்கள். அதுதான் பீட்டா. அதில் என்னென்ன ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது போட்டுக்கொண்டவர் வேலை. சம்பளம் கிடையாது. எங்கள் ஆபீசில் அதே வகைப் போன் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர்: கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர், டிசைன் செக்ஷன் பெண் ஒருத்தி. இருவருக்கும் பீட்டா பைத்தியம். கம்பெனி பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டியதும் ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்தது எப்போது வரும் என்று பந்தயம். தோற்றவர் கேண்டீனில் எல்லோருக்கும் சமோசா.

நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவள்தான். ஆனால் தேதி கணிப்பது என் தொழில் அல்லவா, கை அரித்தது. முந்தைய பீட்டாக்கள் வந்த கிழமைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, முடிவு நெருங்கும்போது வாரத்துக்கு ஒன்று. போன் கம்பெனிக்காரர்கள் அவர்கள் நாட்டில் திங்களன்று விட்டால் நமக்குச் செவ்வாய் காலையில் தெரியும். அவர்கள் ஊரில் திங்கள் லீவு என்றால் ஒரு நாள் தள்ளும். அப்டேட் எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆங்கில எழுத்து இருக்கும். அது ஒவ்வொரு முறையும் பின்னால் நகர்ந்து 'ஏ'வுக்கு வந்துவிட்டால் வேலை முடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் எனக்கு டேனரி பாஷை மாதிரியே இருந்தது. முதல் முறை சொன்ன தேதி பலித்தது. இரண்டாம் முறையும். மூன்றாம் முறை கம்ப்யூட்டர்காரர் சமோசா வாங்கிக் கொடுத்துக்கொண்டே, "அக்கா, நீங்க அந்தக் கம்பெனிலயே சேந்துடுங்க" என்றார். ஐம்பத்தொரு வயதில் அந்தப் பேச்சு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் வெட்கம்.

அந்தத் தலைக்கனத்தில்தான் கெடுத்துக்கொண்டேன். புது பீட்டாவில் போனில் பேசுவது எழுத்தாக ஓடும், தமிழும் வரும் என்றாள் டிசைன் பெண். மாமாவின் குரல் அப்போது கம்மி வந்தது. வார்த்தை தெளிவாக விழவில்லை என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்தாக வந்தால் நல்லதுதானே என்று ஒரு சனிக்கிழமை அவர் போனில் நானே போட்டுவிட்டேன். அவரிடம் கேட்கக்கூட இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கு மாமா கூப்பிட்டார். இவர் "அண்ணா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். காது மெஷினில் ஒரு சத்தமும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசினால் கேட்கிறது, போன் வந்தால் மட்டும் மெஷின் ஊமையாகிவிடுகிறது. எழுத்தாக ஓடும் என்றார்களே, அதுவும் ஓடியது. மாமா "சாப்டியா" என்றதற்குப் புரியாத ஏதோ ஒரு ஊர்ப் பெயர் வந்தது. ஸ்பீக்கரில் போட்டால் இவர் காதுக்கு வெறும் இரைச்சல். கடைசியில் நான் போனை வாங்கி, மாமா சொல்வதை இவர் முகத்துக்கு நேரே திருப்பிச் சொன்னேன்.

மாமா அன்றைக்கு ஒரு செய்தி வைத்திருந்தார். ஆபரேஷன் முடிவாகிவிட்டது. குரல் பெட்டியையே எடுக்கிறார்கள். மூன்றரை வாரம் கழித்து, வியாழக்கிழமை. அதற்கு மேல் பேச்சு கிடையாது. இதையும் நான்தான் இவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா, எனக்குப் பேச்சு இருக்கும்போதே" என்றார் மாமா.

"சொல்லுங்க மாமா, நான் சொல்றேன்."

"இல்லம்மா. அது அவன் காதுல நானே சொல்லணும். மெஷின் எப்போ சரியாவும்?"

கேட்டவர் ஒரு பையர் இல்லை. ஆனாலும் வார்த்தை தானாக வந்தது. "செவ்வாய்க்கிழமை அடுத்த பீட்டா வந்துடும் மாமா. அதுல சரி பண்ணிடுவாங்க."

பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம்தான். வேலூரில் ஒரு சர்வீஸ் கடையில் விசாரித்தேன். போனை முழுக்கத் துடைக்க வேண்டும், எல்லாம் போய்விடும் என்றார்கள். துடைத்த பிறகு காது மெஷினைச் சேர்க்கவும் அளவு வைக்கவும் காது சென்டரில் அப்பாயிண்ட்மென்ட் வாங்க வேண்டும், அதற்கே இரண்டு வாரம். அதற்குள் பீட்டாவே வந்துவிடுமே என்று கணக்குப் போட்டேன். வேறு போன் இரவல் வாங்கலாம் என்றால், அதே வகைப் போன் வைத்திருந்த இரண்டு பேரும் அதே பீட்டாவைப் போட்டுக்கொண்டவர்கள். அவர்கள் போனிலும் வைத்துப் பார்த்தோம். அதே ஊமை.

அந்தச் செவ்வாய் வரவில்லை. அங்கே திங்கள் லீவாம், அதை நான் பார்க்கவில்லை. புதனும் வரவில்லை. வியாழக்கிழமை பஸ்ஸில் இருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமோசாப் பேச்சை எடுக்கவில்லை. இவர் தினமும் காலையில் எழுந்ததும் போனை எடுத்து அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டார். சுற்றிச் சுற்றி ஒரு வட்டம் ஓடும், பிறகு உங்கள் போன் சரியாக இருக்கிறது என்று எழுத்து வரும். "சரியா இருக்குதாம்" என்று எனக்குப் படித்துக் காட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா மறுபடி கேட்டார். அடுத்த செவ்வாய் என்றேன். அது சொன்னபடி வந்தது. புதுசாக ஐந்தாறு படங்கள், எழுத்து கொஞ்சம் பெரிசு. காது மெஷின் மட்டும் அப்படியே. போன் கம்பெனிக்குக் குறையை எழுதி அனுப்பலாம் என்று ஒரு இடம் இருக்கிறது. டிசைன் பெண்ணை வைத்து மூன்று முறை இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம், நன்றி என்று வந்தது. நான் பையருக்கு எழுதுகிற அதே இரண்டு வரி.

எனக்கு அலுத்துவிட்டது. பகலெல்லாம் டேனரிக்காரர்களிடம் எப்போ எப்போ என்று கேட்கிறேன், பஸ்ஸில் பீட்டா எப்போ என்று அந்த இருவரிடம் கேட்கிறேன், வீட்டுக்கு வந்தால் இவர் என்னிடம் எப்போ என்று கேட்கிறார். ஒருநாள் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டார். "உங்க அண்ணன் ஆபரேஷன் தேதியும் தள்ளிதான் போகும், எந்த ஆஸ்பத்திரில சொன்ன தேதில பண்றாங்க, இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று கத்திவிட்டேன். மெஷின் காதில் இருந்தது. நன்றாகவே கேட்டிருக்கும். போனை எடுத்துக்கொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்தார்.

உண்மையில் நான் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இருபது வருடத்தில் தேதி தள்ளிப்போவதைத்தான் பார்த்திருக்கிறேன். தோல் தள்ளும், கப்பல் தள்ளும், பையரே தள்ளுவான். ஆபரேஷனுக்கு முந்தைய செவ்வாயன்று இன்னொரு பீட்டா வரும். அது தப்பினாலும் ஆபரேஷன் ஒரு வாரமாவது தள்ளும். அதற்குள் அதற்கடுத்தது வரும். இப்படி இரண்டு பக்கமும் கூட்டி வைத்திருந்தேன். ஒரு டேனரி இப்படி ஏய்த்திருந்தால் இரண்டாம் நாளே பஸ் பிடித்துப் போய் அந்த வாசலில் நின்றிருப்பேன். நேரில் போய் நின்றால்தான் சரக்கு நகரும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். நாக்பூருக்கு ஒரு ராத்திரி, ஒரு பகல் ரயில். பக்கத்தில் உட்கார்ந்தால் இவருக்கு நன்றாகவே கேட்கும். மாமா வேண்டாம் என்றார், இவருக்கும் பயம், அது சரி. எனக்கு என்ன வந்தது? டிக்கெட் போட்டுக் கையில் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. நான் பீட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும்போது மாமாவின் மனைவி கூப்பிட்டார்கள். அவர்களை அக்கா என்பேன். வேறு யாரோ ஒருவருக்கு வைத்த ஆபரேஷன் நின்றுபோனதாம். தியேட்டர் காலி. திங்கள் காலையே பண்ணிவிடுகிறோம், இன்றைக்கே வந்து சேருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

"நல்லதாப் போச்சும்மா, சீக்கிரமே முடிஞ்சிடும்" என்றார்கள் அக்கா. ஆமாங்க்கா என்றேன். முன்னால் வந்த தேதியை என் வேலையில் நான் பார்த்ததே இல்லை. அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே ரயில் ஏறினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். லீவு போட்டு ஸ்டேஷனுக்கும் போனோம். அன்றைய ரயில் எதிலும் இடமில்லை, கிடைத்த ரயில் திங்கள் மத்தியானம்தான் போய்ச் சேரும். திரும்பி வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வார்டிலிருந்து மாமா கூப்பிட்டார். நான் எடுத்தேன். குரல் பாதி காற்றாக வந்தது.

"சரியாச்சாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். ஒரு காதிலிருந்து மெஷினைக் கழற்றினார். வெறும் காதில் போனை அழுத்தி வைத்துக்கொண்டு, "கேக்குதுண்ணா. சொல்லு" என்றார்.

மாமா பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை. போன் அவ்வளவு இறுக்கமாக அவர் காதில் இருந்தது. நாலு நிமிஷம் இருக்கும். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். இடையில் "ம்" என்றார். பிறகு "சரிண்ணா" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "சரிண்ணா, சரி" என்றார். கண் கலங்கியிருந்தது. எப்படியோ கேட்டுவிட்டது, ஆண்டவர் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். போனை வைத்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னா சொன்னாரு?"

மெஷினைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டார். நான் கேட்டதை இன்னொரு முறை கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கல" என்றார்.

திங்கள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செவ்வாய் காலை பீட்டா வரவில்லை. புதன்கிழமை காலை இவர் வழக்கம்போலப் போனை எடுத்தார். வட்டம் சுற்றவில்லை, நேராக அப்டேட் வந்து நின்றது. எண்ணுக்குப் பின்னால் 'ஏ'. நாற்பது நிமிஷம் ஆனது போட. சோதிக்க என் போனிலிருந்து கூப்பிட்டேன். அடுப்படியில் நின்று "கேக்குதா?" என்றேன். கூடத்திலிருந்து "ம், நல்லா கேக்குது" என்று அவர் குரல் வந்தது. போன் கம்பெனி குறிப்பில் ஒரே வரி எழுதியிருந்தது. சில குறைகள் சரிசெய்யப்பட்டன என்று.

நான் அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டேன். பத்து மணிக்கு அக்காவைக் கூப்பிட்டு, போனை மாமா பக்கத்தில் வைக்கச் சொன்னோம். இவர் மெஷினில் கேட்டார். நானும் பக்கத்தில் காதை வைத்தேன், எனக்கு எதுவும் கேட்கவில்லை. "மூச்சு விடறது கேக்குது" என்று எனக்குச் சொன்னார். "கட்டில் கம்பில விரலால தட்றான். அதும் கேக்குது." அண்ணா நான்தான் பேசறேன், வலிக்குதா, வலிச்சா ரெண்டு தட்டு என்றார். ஒன்று தட்டினாராம். இப்படியே இருபது நிமிஷம் பேசினார். கால்வலி, விலைவாசி, கோவிலுக்குப் புது பாஸ்டர் ஐயர் வந்தது. நடுவில் ஒரு முறை நிறுத்தி, "அன்னிக்கு அம்மாவுக்கு... நான் இன்னும் ஒரு ராத்திரி வெச்சிருந்திருக்கணும்ணா" என்றார். அந்தப் பக்கம் ஒன்று தட்டியதா இரண்டா என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசியில் அக்கா போனை வாங்கினார்கள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பிக்கு ரொம்ப தேங்க்ஸ் சொல்லும்மா. அன்னிக்குப் போன வெச்சிட்டு அழுதுட்டாரு. நான் கேட்டதுக்கு அவன் சரின்னுட்டான்னு சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாரு. அந்தத் தைரியத்துலதான் தியேட்டருக்கே போனாரு."

"இன்னா கேட்டாருங்க்கா?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"எங்கிட்ட சொல்லல. அது எனக்கும் அவனுக்கும் நடுவுலன்னுட்டாரு. வீட்டுக்குப் போனதும் தம்பி செய்வான், நீயே பாருன்னாரு."

போனை வைத்தேன். எழுதிக் கேட்கலாம், மாமா தாளில் எழுதிக் காட்டுவார் என்றேன். இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "கேட்டா, அன்னிக்கு எனக்குக் கேக்கலன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

பிறகு வெகு நேரம் கழித்து, கம்பெனியில் இந்நேரம் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்திருக்கும் என்று நான் எதற்கோ நினைத்துக்கொண்டிருந்தபோது, என் பக்கம் திரும்பினார்.

"நான் எதுக்கும்மா சரின்னு சொன்னேன்?"

ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடத்தான் வாய் போனது. அம்மா கல்லறையைக் கட்டச் சொல்லியிருப்பார், அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார், இறந்தால் அவரையும் இங்கே கொண்டுவந்து அம்மா பக்கத்தில் வைக்கச் சொல்லியிருப்பார். மூன்றுமே நாக்கு நுனியில் இருந்தன. மெஷின் இரண்டு காதிலும் இருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலங்க" என்றேன்.